அணுகுண்டும் படிக்கிணறும்

கோடை முற்றிய நாள்களில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்களுக்குப் புதிய செய்தி அன்று. கண்மாய் வற்றி, ஊருணியில் சேறு மட்டுமே எஞ்சிய காலங்களில் குண்டாற்று மணல் தாகம் தீர்த்ததை முதியோர் அறிவர். தோண்டிய குழியில் நீர் சுரந்தவுடன் எவரும் குடத்தை நிரப்பிவிடுவதில்லை. ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பர். நன்னீரும் உவர்நீரும் பார்வைக்கு ஒன்று போலவே தெளிந்திருக்கும். வேறுபாட்டை நாவே அறியும்.

நம் பிள்ளைகளும் இக்காலத்தில் தோண்டுகின்றனர். அவர்கள் தோண்டும் இடம் கைப்பேசித் திரை. வெயில் தணிந்த மாலையில் வேப்பமரத்தடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் நாலைந்து பேர் ஒரே கைப்பேசியின்மேல் தலை கவிழ்ந்திருக்கக் காண்கிறோம். விளையாடுவதோடு அவர்கள் நிற்பதில்லை. விளையாட்டைப் பற்றிப் பேசவும் செய்கின்றனர். இந்தச் சுவருக்குப் பின்னால் ஓர் இரகசிய அறை உண்டு என்கிறான் ஒருவன். இந்தப் பாத்திரம் உண்மையில் இன்னாரைக் குறிக்கிறது என்கிறான் மற்றொருவன். பெற்றோருக்கு இவை விளங்காத பேச்சுகளாகத் தோன்றலாம். எனினும், மறைந்துள்ள ஒன்றைத் தேடும் ஆவல் நல்ல ஆவலே. அந்த ஆவலுக்குக் கிடைக்கும் நீர் நன்னீரா, உவர்நீரா என்பதையே இத்திங்கள் நாம் ஆராய விரும்புகிறோம்.

முட்டை ஒளித்த கதை

வீடியோ கேம் எனப்படும் கணினி விளையாட்டுகளில் ஒளித்து வைக்கப்படும் நுட்பங்களுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். அவற்றை 'ஈஸ்டர் முட்டை' என்று அழைக்கின்றனர். மேலைநாட்டு இல்லங்களில் உயிர்ப்புப் பெருவிழா நாளன்று வண்ணம் தீட்டிய முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்வது வழக்கமன்றோ? அவ்வழக்கத்திலிருந்தே இப்பெயர் பிறந்தது.

பெயர் பிறந்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் என்னும் இளைஞர் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை ஒற்றை ஆளாக உருவாக்கினார். அக்காலத்தில் அந்நிறுவனம் விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை. ஆகவே அவர் எவரிடமும் கூறாமல் விளையாட்டினுள் ஓர் இரகசிய அறையை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். கண்ணுக்குப் புலப்படாத சிறு சாம்பல் நிறப் புள்ளி ஒன்றைக் கண்டெடுத்துச் சுமந்து செல்பவருக்கே அவ்வறை திறக்கும். 1980 இல் விளையாட்டு வெளிவந்த பின் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினான். நிறுவனத்தின் மேலாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ரைட் அதை ஈஸ்டர் முட்டைக்கு ஒப்பிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

இச்செய்தியில் மூன்று கூறுகளைக் கவனிக்க வேண்டும். முதலில் கண்டவன் இன்னான் என்பது தெரிகிறது. அவன் செய்தவாறே செய்தால் எவரும் அவ்வறைக்குள் நுழைந்து பார்க்கலாம். ஒளித்து வைத்தவரும், நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். கண்டவர் யார், நாமும் செய்து பார்க்க இயலுமா, ஆக்கியவர் என்ன கூறுகிறார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. வாயில் வைத்துப் பார்க்கும் சோதனை இதுவே. இதனை நினைவில் இருத்திக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வெளிவரும் ஒரு விளையாட்டு வரிசைக்குச் செல்வோம். நம் நாட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரும் நம் தமிழ்ச் சொற்கள் சிலவும் அதில் உள்ளன.

நாகரிகம் என்னும் விளையாட்டு

1991 இல் அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 'சிவிலைசேஷன்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. பெயரின் பொருள் நாகரிகம் என்பதாகும். சிட் மையர் என்பவரும் புரூஸ் ஷெல்லி என்பவரும் இதனை வடிவமைத்தனர். ஆடுபவர் ஒரு மக்களினத்தின் தலைவராகக் கி.மு. 4000 இல் ஆட்டத்தைத் தொடங்குகிறார். ஊர் அமைத்து, உழுது, சாலை போட்டு, எழுத்தும் சக்கரமும் கண்டறிந்து, படிப்படியாக விண்வெளிக் காலம் வரை தம் மக்களை நடத்திச் செல்ல வேண்டும். கணினியே ஏனைய நாடுகளின் தலைவர்களாக நின்று நட்பும் பகையும் பாராட்டும். இதன் இரண்டாம் ஆட்டம் 1996 இலும், மூன்றாவது 2001 இலும், நான்காவது 2005 இலும், ஐந்தாவது 2010 இலும், ஆறாவது 2016 இலும், ஏழாவது 2025 பிப்ரவரியிலும் வெளிவந்தன.

நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் கைப்பேசியில் ஆடுபவை துப்பாக்கி ஆட்டங்களே என்பதை அறிவோம். நாகரிக ஆட்டம் பொறுமை வேண்டுவது. ஒரு முறை ஆடி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். கல்லூரி செல்லும் இளைஞர் சிலர் இதனை ஆடக்கூடும். ஆடாத பிள்ளைகளுக்கும் இதைப் பற்றிய துணுக்குகள் குறுங்காணொளிகள் வழியே வந்து சேர்கின்றன. ஆகவே இதில் ஒளிந்துள்ளவை எவை என்று பெற்றோர் அறிந்திருப்பது நலம்.

முதல் ஆட்டத்தின் தொடக்கத்தில் உலகம் உருவாகும் காட்சி வரும். அதனுடன் திரையில் தோன்றும் சொற்கள் தொடக்க நூலின் முதல் வசனங்களை ஒட்டி அமைந்தவை. மறைநூல் அறிந்த எவரும் கேட்டவுடன் இனம் கண்டுகொள்வர்.

2005 இல் வெளிவந்த நான்காம் ஆட்டத்தில் இதனினும் அரிய செய்தி உள்ளது. ஆட்டத்தைத் திறந்தவுடன் ஆப்பிரிக்கத் தாளத்துடன் ஒரு குழுப்பாடல் ஒலிக்கும். 'பாபா யேத்து' என்பது அதன் பெயர். உலகெங்கும் எண்ணற்ற இளைஞர்கள் பொருள் அறியாமலே அதனை முணுமுணுத்தனர். அது கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழியில் அமைந்த கர்த்தர் கற்பித்த செபமேயன்றி வேறன்று. 'பாபா யேத்து' என்றால் 'எங்கள் தந்தையே' என்று பொருள். இசையமைத்தவர் கிறிஸ்டோபர் டின். அவரும், நான்காம் ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளரான சோரன் ஜான்சனும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் தங்கிப் பயின்ற நண்பர்கள். அந்நட்பினால் இப்பாடல் பிறந்தது. 2011 பிப்ரவரியில் இப்பாடலுக்குக் கிராமி விருது கிடைத்தது. கணினி விளையாட்டுக்கென எழுந்த இசை அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இச்செய்தியும் நம் மூன்று கேள்விகளுக்கும் ஈடு கொடுக்கிறது. சுவாகிலி அறிந்தவர் எவரும் கேட்டு உறுதி செய்யலாம், ஆக்கியவரும் மறைக்கவில்லை.

காந்தியடிகளின் பெயரால் எழுந்த கதை

ஆனால் இவ்வரிசையைப் பற்றிப் பிள்ளைகளிடையே மிகுதியாக உலவும் 'இரகசியம்' வேறொன்று. அது காந்தியடிகளைப் பற்றியது.

முதல் ஆட்டத்திலேயே இந்தியாவின் தலைவராகக் காந்தியடிகள் இடம்பெற்றார். கதை கூறுவது இதுவே: ஒவ்வொரு தலைவருக்கும் அவரது போர்க்குணத்தைக் குறிக்க ஓர் எண் கொடுக்கப்பட்டிருந்தது. காந்தியடிகள் அகிம்சை மூர்த்தி ஆதலால் அவருக்கு மிகக் குறைந்த எண்ணாகிய 1 கொடுக்கப்பட்டது. ஒரு நாடு மக்களாட்சி முறையை ஏற்றால் அதன் தலைவரது போர்க்குணத்தில் 2 குறையும். 1 இலிருந்து 2 ஐக் கழித்தால் பூச்சியத்திற்கும் கீழே போக வேண்டும். ஆனால் அந்த எண்ணை வைத்திருந்த கணினிப் பெட்டியில் 0 முதல் 255 வரையே இடம் உண்டாம். பழைய மோட்டார் சைக்கிளின் தூரமானியைப் பூச்சியத்திலிருந்து பின்னோக்கிச் சுற்றினால் எல்லாக் கட்டங்களிலும் ஒன்பது வந்து நிற்பதைப் போல, அவ்வெண் ஒரே பாய்ச்சலில் 255 ஆகிவிட்டதாம். எனவே மக்களாட்சியை ஏற்ற மறுகணமே காந்தியடிகள் உலகின் கொடிய போர்வெறியராக மாறி, அண்டை நாடுகளின்மேல் அணுகுண்டு வீசினாராம்.

கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! கணக்கும் சரியாகவே இருக்கிறது. கணினி படிக்கும் மாணவர்களுக்கு எண்கள் இவ்வாறு சுற்றி வருவதை விளக்குவதற்குக்கூட இக்கதை எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டதுண்டு. கதையில் உள்ள ஒரே குறை, அது நடக்கவில்லை என்பதுதான்.

1991 இல் வந்த ஆட்டத்தைப் பற்றிய இக்கதை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2012 இல், எவரும் எழுதக்கூடிய ஓர் இணையப் பக்கத்தில் தலைகாட்டியது. சான்று எதுவும் அங்கே தரப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அது கேலிச் சித்திரமாகவும் செய்திக் கட்டுரையாகவும் உலகைச் சுற்றி வந்தது. 2020 செப்டம்பரில் வெளியிட்ட தமது நினைவுக் குறிப்பு நூலில் சிட் மையர் இதனைத் திட்டவட்டமாக மறுத்தார். அத்தகைய பிழை நேர்வதற்கு வேண்டிய எண் வகையைத் தலைவர்களின் குணங்களுக்குத் தாம் பயன்படுத்தவே இல்லை என்பது அவர் கூறிய காரணம். இரண்டாம் ஆட்டத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸும் இதனை ஏற்கவில்லை. போர்க்குணத்திற்கு மூன்றே நிலைகள் இருந்தன. மிகக் குறைந்த நிலை காந்தியடிகளுக்கு மட்டும் உரியதன்று, தலைவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அதே நிலைதான் என்று அவர் தெரிவித்தார். 255 என்ற எண் எவ்வாறேனும் வந்திருந்தாலும், மிகுந்த போர்க்குணமுடைய பிற தலைவர்களைப் போலவே நடந்திருக்க முடியுமேயன்றி, அதனை மிஞ்சியிருக்க இயலாது என்பதும் அவர் விளக்கம்.

அவ்வாறாயின் மக்கள் ஏன் நம்பினர்? முதல் ஆட்டத்தில் போர் மூளும்போது எல்லாத் தலைவர்களும் ஒரே எச்சரிக்கைச் சொற்களைத்தான் கூறுவர். அணு ஆயுதம் பெற்ற எந்தத் தலைவரும் அதைச் சொல்லி அச்சுறுத்துவார். இந்தியா அறிவியலில் நாட்டமுள்ள நாடாக அமைக்கப்பட்டிருந்ததால் அவ்வாயுதத்தை விரைவில் அடைவதும் உண்டு. நெப்போலியன் அச்சுறுத்தினால் எவரும் நினைவில் வைப்பதில்லை. காந்தியடிகள் அச்சுறுத்தினால் சிரிப்பு வருகிறது. சிரித்தது நினைவில் நிற்கிறது. நினைவில் நின்றதற்குப் பின்னர் எவரோ ஒருவர் காரணம் கற்பித்தார். காரணம் கணக்கு வடிவில் இருந்ததால் அதற்கு மதிப்பும் கூடிற்று. எண்களைக் கண்டவுடன் ஆராயாமல் தலை வணங்கும் பழக்கம் கற்றவரிடமும் உண்டு.

விளையாட்டினுள் நடந்தது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். 2010 இல் வந்த ஐந்தாம் ஆட்டத்தின் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், நகைச்சுவைக்காக, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் விருப்பத்தைக் குறிக்கும் எண்ணைக் காந்தியடிகளுக்கு 12 என வேண்டுமென்றே வைத்தார். பிறருக்கு உச்ச அளவு 10 தான். 2016 இல் வந்த ஆறாம் ஆட்டத்தில் ஒவ்வொரு தலைவருக்கும் வெளிப்படையான கொள்கை ஒன்றும் மறைவான நோக்கம் ஒன்றும் உண்டு. காந்தியடிகளின் வெளிப்படைக் கொள்கை சமாதானம் காப்பது. ஆனால் அணுகுண்டில் விருப்பம் என்னும் மறைவான நோக்கம் அவருக்கு வாய்ப்பதற்கு 70 விழுக்காடு இடம் வைத்தனர். சிரிப்புக்காகச் சொன்ன பொய் இவ்வாறு மெய்யாகவே விளையாட்டினுள் குடியேறிவிட்டது. இன்று ஒரு சிறுவன், நானே கண்ணால் கண்டேன், காந்தி குண்டு போட்டார் என்று கூறினால் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் 1991 இன் கதைக்கு அது சான்றாகாது. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற நம் முன்னோர் மொழியின் முதற்பகுதிக்கு இதைவிட நல்ல விளக்கம் அமைவது அரிது.

இதில் என்ன இழப்பு, விளையாட்டுத்தானே என்று சிலர் கேட்கலாம். இழப்பு உண்டு. காந்தியடிகள் யார் என்று பள்ளியில் பாடமாகப் படிப்பதற்கு முன்பே, குண்டு போடும் கிழவராக அவரை அறிந்துகொள்ளும் பிள்ளைகள் இருக்கின்றனர். உண்மையான காந்தியடிகள் 1946 இல் தமது 'ஹரிஜன்' இதழில் அணுகுண்டைக் கண்டித்து எழுதியவர். அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, ஏழை உழவரைப் போல அரையாடை மட்டும் உடுத்துவதென அவர் முடிவு செய்தார். அதே மதுரையில் 1959 இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த துணி பாதுகாக்கப்படுகிறது. நெசவுத் தறிகளின் ஊராகிய அருப்புக்கோட்டைப் பிள்ளைகள் அத்துணியை ஒருமுறை நேரில் கண்டால் போதும். எவர் மீது குண்டு பாய்ந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எவரும் பேசாத கிணறு

ஆறாம் ஆட்டத்தில் அதே காந்தியடிகளின் இந்தியாவுக்கு மட்டும் உரியதாக வேறொரு சிறப்பு வைக்கப்பட்டிருக்கிறது. அது படிக்கிணறு. குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் நிலத்தடி நீரை நோக்கிப் படிகளாக இறங்கும் பழைய கிணறுகளை நம் வாசகர் படங்களில் கண்டிருப்பர். ஆட்டத்தில் படிக்கிணறு வெட்டிய ஊரில் உணவு பெருகும்; கூடுதலான மக்கள் குடியிருக்க இடம் உண்டாகும். 2019 இல் வந்த விரிவாக்கத்தில் வெள்ளமும் வறட்சியும் புயலும் ஆட்டத்தில் சேர்க்கப்பட்டன. அப்போது படிக்கிணற்றுக்கு மற்றொரு பயனும் கொடுத்தனர்: வறட்சி வந்தாலும் அந்நிலத்தின் உணவு குறையாது.

கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழ்ந்த வறண்ட பூமியின் மக்களாகிய நமக்கு இதன் அருமை தெரியாமல் இராது. வெளிநாட்டில் அமர்ந்து விளையாட்டு அமைத்தவர்கள், வறட்சியை வெல்ல இந்தியர் கண்ட வழி நீரைச் சேர்த்து வைப்பது என்பதைப் படித்து, ஆராய்ந்து, ஒரு சிறு சித்திரத்தில் அடக்கியுள்ளனர். காந்தியடிகளின் அணுகுண்டைப் பற்றிப் பேசாத சிறுவர் இல்லை; அதே ஆட்டத்தில், அதே நாட்டில் இருக்கும் படிக்கிணற்றைப் பற்றிப் பேசுவாரைக் காண்பது அரிது. பொய்யான குண்டு ஊரெங்கும் வெடிக்கிறது. மெய்யான கிணறு எட்டிப் பார்ப்பாரின்றிக் கிடக்கிறது.

தமிழ்ச் சொற்கள் இரண்டு

2025 இல் வந்த ஏழாம் ஆட்டம் வெளியானபோது அதில் காந்தியடிகள் இல்லை. இந்தியத் தலைவராக அசோகர் இடம்பெற்றார். அத்துடன், மக்களினங்களில் ஒன்றாகச் சோழர் சேர்க்கப்பட்டனர். தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயங்களுள் ஒன்றாக வந்தது. சோழருக்குரிய கப்பலின் பெயர் 'கலம்'. தமிழ்ப் பிள்ளைகள் இவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். ஆயினும் தோண்டுவோருக்கு அதில் இன்னும் ஆழமான ஊற்று ஒன்று உண்டு. சோழர் மட்டும் கட்டக்கூடிய இரு கட்டடங்களின் பெயர்கள் 'அஞ்சுவண்ணம்', 'மணிக்கிராமம்' என்பன. இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் 'ஐந்நூறு தலைவர்' என்ற பொருள் தரும் பெயருடன் ஒரு வணிகர் பகுதி அமையும்.

இவை கற்பனைப் பெயர்கள் அல்ல. மணிக்கிராமத்தாரும் ஐந்நூற்றுவரும் பழந்தமிழகத்தின் பெரும் வணிகக் குழுவினர். அஞ்சுவண்ணம் மேற்கு ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்து நம் துறைமுகங்களில் தங்கிய வணிகரின் குழு. ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சுமத்ரா தீவின் பாரூஸ் என்னும் ஊரில் கிடைத்துள்ளது.

அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இணைந்து காணப்படும் புகழ்பெற்ற ஆவணம் எது தெரியுமா? கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள். 849 ஆம் ஆண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ என்பவர் எழுப்பிய கிறித்தவக் கோவிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கி வெட்டுவித்த சாசனம் அது. அக்கோவிலையும் அதன் நிலத்தையும் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்தாரிடமும் மணிக்கிராமத்தாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. சாசனம் வட்டெழுத்தில் அமைந்தது. சாட்சிகளோ அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டனர். ஓர் இந்து அரசர் கொடுத்தது, கிறித்தவர் பெற்றது, பல சமயத்து வணிகர் சாட்சி நின்றது. ஏறத்தாழ 1,170 ஆண்டுகளுக்கு முந்திய நம் நாட்டு வாழ்வு இவ்வாறு இருந்தது. இன்றைய விளையாட்டின் ஒரு கட்டடப் பெயரைத் தோண்டிய பிள்ளை இந்த ஆழம் வரை இறங்கலாம்.

மணிக்கிராமத்தார் காத்தது கோவிலை மட்டுமன்று. தாய்லாந்தின் தக்குவாபா என்னும் இடத்தில், 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. கடல் கடந்து சென்ற தமிழர் அங்கே வெட்டிய ஒரு குளத்தைப் பற்றியது அது. குளத்தின் பெயர் 'அவனிநாரணம்'. அதனைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடமும் வேறு சிலரிடமும் விடப்பட்டதை அக்கல்வெட்டு கூறுகிறது. பொருள் தேடிப் போன அயல் மண்ணிலும் குளம் வெட்டி, அதற்குக் காவலும் வைத்த மக்கள் நம் முன்னோர். இன்று திருச்சுழிப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தி உறவானது.

இல்லத்தில் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குடும்பத்தாருடன் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி அந்நாள்களில் கைப்பேசிகளில் பரவியிருந்தது. ஊர்மக்கள் திரண்டு அவரை அடித்துக் கொன்றனர். அந்த வதந்தியை முதலில் கண்டவர் யார் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் கூட்டத்தின் நடுவே திடீரென்று வந்துவிடாது. சிறு செய்திகளில், சிரிப்பூட்டும் செய்திகளில், இளமையிலேயே பழகினால்தான் பெரிய செய்தியின்போது அது கைகொடுக்கும்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது எளிது. மகனோ மகளோ விளையாட்டின் இரகசியம் ஒன்றைக் கூறும்போது, "படிக்காமல் இதென்ன பேச்சு?" என்று கடிந்து வாயை அடைத்துவிட வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். பிறகு அந்த மூன்று கேள்விகளையும் அன்புடன் கேளுங்கள்: "இதை முதலில் கண்டவர் யார், தம்பி? நாம் இருவரும் இப்போதே செய்து பார்க்கலாமா? உண்டாக்கியவர் என்ன சொல்லியிருக்கிறார்?" ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாத தாயும் பாட்டியும்கூட இக்கேள்விகளைக் கேட்க முடியும். விடை தேடும் வேலை பிள்ளையுடையது. விடை கிடைத்தால் பாராட்டுங்கள். கிடைக்கவில்லையென்றால், தெரியாததை அடுத்தவருக்குச் சொல்லாதே என்பதோடு விட்டுவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டிய தேவையே இராது.

பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். தோண்டுவதில் உங்களுக்கு இத்துணை ஆர்வம் இருக்குமானால், விடுமுறை நாளொன்றில் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குச் செல்லுங்கள். பாண்டிய நாட்டுப் பழைய கண்மாய்கள் சிலவற்றின் மடைத்தூண்களில் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. கரையில் நிற்கும் மடையைப் பாருங்கள். அதில் எழுத்து உண்டா என்று தேடுங்கள். இருந்தால் படியெடுத்து உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் காட்டுங்கள். எழுத்து இல்லையென்றாலும், இந்த மடை எந்த வயலுக்கு நீர் விட்டது, எந்த ஆண்டு கடைசியாக நிரம்பி மறுகால் பாய்ந்தது என்று உடன் வந்தவரைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரையும் கேட்ட நாளையும் மறவாமல் எழுதுங்கள். பிற்காலத்தில் அதைப் படிப்பவர், இதைக் கண்டவர் யார் என்று கேட்கும்போது, அவருக்கு விடை அதிலேயே இருக்கும்.